வசந்தமலர் திரும்பப் போய் உட்கார்ந்த கதை

சான்ட்ரிங்ஹாம் வீதியிலிருந்து ஒக்லாந்து நகருக்குள் போகும் பஸ்ஸை வசந்தமலர் ஓட்டுகிற காலைகளில், ஓடிவந்து ஏறியவர்கள் என்று யாரும் கிடையாது. ஓடிவந்தவர்கள் உண்டு. கதவு மூடினால் மூடியதுதான். நானே மளிகைக் கடை வாசலிலிருந்து ஒரு கையில் முருங்கைக்காயும் மறு கையில் பஸ் அட்டையுமாக ஓடி, அவருடைய பஸ்ஸின் பின்விளக்கை இரண்டு தடவை தரிசித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் ஏறும்போது, கண்ணாடியில் என்னைக் காணவில்லையா என்று கேட்டேன். கண்டதாகச் சொன்னார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அன்றிலிருந்துதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஐம்பத்து மூன்று வயது. சிறிய உருவம். ஓட்டுநர் இருக்கையில் தனக்கென்று ஒரு தடித்த குஷன் போட்டுத்தான் உட்காருவார். 1998இல் இருபத்தாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, பாங்கொக் என்று சுற்றி, கணவர் கேதீஸ்வரனோடு இங்கே வந்து இறங்கினார். முதலில் விமான நிலையத்தில் துப்புரவு வேலை, பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை, அதன் பிறகு பஸ்.

கேதீஸ்வரனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வசந்தமலரே சொல்லமாட்டார். அழகாகச் சிரிப்பார், நன்றாகச் சமைப்பார், கலியாண வீட்டில் அவர் இருக்கிற மூலையில்தான் கூட்டம் கூடும். அவருக்கு இருந்த ஒரே கோளாறு, வேறு எங்கேயோ எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம். 2006இல் ஏற்றுமதி செய்யப்போவதாகச் சிட்னிக்குப் போனார். எதை ஏற்றுமதி செய்வது என்பதை அங்கே போய் யோசிப்பதாக இருந்தார். எட்டு மாதத்தில் ஒரு பழச்சாறு இயந்திரத்தோடு திரும்பி வந்தார். வசந்தமலர் கதவைத் திறந்துவிட்டார். 2012இல் தம்பியின் பெற்றோல் நிலையத்தைப் பெரிதாக்க லண்டன் போனார். ஒன்றரை வருடத்தில் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஆகி, நான்கு பெட்டிகளோடு வந்தார். அப்போதும் கதவு திறந்தது. 2017இல் மெல்பேர்னில் இடியப்ப இயந்திரம் விற்கப் போனார். ஆறு மாதத்தில் வருவதாகச் சொன்னார். வரவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு வசந்தமலர் விவாகரத்துப் பத்திரங்களை அனுப்பினார். கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் வரைந்து அனுப்பியிருந்தார் மனிதர்.

அந்த வருடம்தான் வசந்தமலர் போக்கர் ஆடத் தொடங்கினார். கூட்டிக்கொண்டு போனவர் விக்னேஸ்வரி. அதே டிப்போவில் பஸ் ஓட்டுகிற மலேசிய ஈப்போக்காரி, ஹென்டர்சனில் வீடு, வசந்தமலரைவிட நான்கு வயது இளையவர். அவருடைய வீட்டுக்குப் பக்கத்துப் பப்பில் ஒவ்வொரு செவ்வாய் மாலையும் போக்கர் லீக் நடக்கும். ஐந்து டொலருக்கு ஒரு பானம் வாங்கினால் ஆடலாம். தனியாக வீட்டில் இருந்து சீரியல் பார்ப்பதைவிட இது ஆரோக்கியமானது என்று விக்னேஸ்வரி சொன்னார். பப்பின் பொரியலைப் பார்த்தபோது ஆரோக்கியம் பற்றி வசந்தமலருக்குச் சந்தேகம் வந்தாலும், ஆட்டம் பிடித்துவிட்டது.

ஊரில் முந்நூற்று நாலு விளையாடிய கை அது. சீட்டு புதிதில்லை. புதிதாக இருந்தது, ஒருவன் கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாம் இருப்பதுபோல் பந்தயம் ஏற்றலாம் என்பது. அதையும் அவர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அட்டையில் காசில்லாமல் பஸ் ஏறுகிறவன் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கமாட்டான், போனைப் பார்த்தபடியே ஏறுவான். பொய்யாகப் பந்தயம் ஏற்றுகிறவனும் அப்படித்தான், தன் சிப்ஸை, அந்தப் பந்தய வில்லைகளையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று என்னிடம் சொன்னார். ஒருநாளைக்கு அறுநூறு முகம் பார்க்கிறவரிடம் பொய் சொல்லிக் காசு வெல்வது லேசான வேலையில்லை.

நம்மவர்களுக்கு இது தெரியவந்தபோது தமிழ்ச் சங்கத்தின் தலைவர் வீடு தேடி வந்தார். பெண்பிள்ளை சூதாடுவது சமூகத்துக்கு நல்லதில்லை என்று பதமாக எடுத்துச் சொன்னார். வசந்தமலர் தேத்தண்ணி கொடுத்து, லொட்டோ டிக்கெட் வாங்க அவர் சனிக்கிழமைதோறும் எந்த டெய்ரிக்கு, அதாவது எந்த மூலைக்கடைக்குப் போகிறார், அந்த டெய்ரியின் முன்னால் எந்த பஸ் நிற்கிறது என்று விசாரித்தார். தலைவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்.

லீக்கில் வசந்தமலருக்கு ஒரு கொள்கை இருந்தது. அது ரீ-என்ட்ரி பற்றியது. பெரிய போட்டிகளில் இது வழக்கம்: சிப்ஸ் எல்லாம் தோற்று வெளியே போனவர், மறுபடி முழு நுழைவுக் கட்டணமும் கட்டி, புதிதாக வந்தவர்போல வேறு இருக்கைக்குச் சீட்டு இழுத்து, ஆரம்பத்தில் கொடுத்த அதே அளவு சிப்ஸோடு உட்காரலாம். குறிப்பிட்ட நேரம் வரைக்கும்தான் இந்தச் சலுகை. அதன் பிறகு கதவு மூடிவிடும். லீக்கிலும் இதைக் கொண்டுவரலாம் என்று போன வருடம் பேச்சு வந்தபோது, எதிர்த்து எழுந்து நின்று பேசியவர் வசந்தமலர்தான். ஆங்கிலத்தில் பேசினார். பேசி வென்றார்.

காரில் திரும்பும் வழியில் விக்னேஸ்வரி விடவில்லை.

"அக்கா, காலைல எந்திரிச்சு, தலைய சீவி, அவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கிட்டு வந்து, ரெண்டு ஏஸ் வச்சிருந்தும் பத்தாவது நிமிஷம் தோத்துட்டா, திரும்பி வீட்டுக்குப் போயி என்னா செய்றது? துணி மடிக்கிறதா?"

"மடிக்கிறது."

"ரெண்டாவது தடவை வர்றவங்க காசும் பரிசுலதானே லா சேருது. பரிசு பெருசாகுது. உங்களுக்கு என்னா நட்டம்?"

"நான் ஒருத்தனை வெளியில அனுப்பினா அவன் வெளியிலதான் இருக்கவேணும், விக்கி. அவனை அனுப்ப நான் பாடுபட்டிருக்கிறன். அவன் ஒரு கோப்பி குடிச்சிட்டு வந்து பக்கத்தில இருந்தா, நான் செய்தது என்ன வேலை?"

காசுள்ளவனுக்கு மூன்று உயிர், தன்னைப் போன்றவளுக்கு ஒன்று, இது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்டார். மூன்று உயிர் உள்ளவன் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான், ஒரு உயிர்க்காரி ஒவ்வொரு கைக்கும் நடுங்கவேண்டும். விக்னேஸ்வரிக்கு இதற்குப் பதில் இருந்தது. அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவனின் சிப்ஸ் கடைசியில் கண்ணைத் திறந்து ஆடுகிறவளிடம்தான் வந்து சேரும் என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. மோட்டர்வேயில் அதைத் தீர்க்க முடியவில்லை.

போன ஜூன் மாத நீண்ட வார இறுதியில், நகருக்குள் கசினோவில் இரண்டு நாள் போட்டி ஒன்று நடந்தது. நுழைவு முந்நூறு டொலர். இருபத்தையாயிரம் சிப்ஸ். அரை மணிக்கு ஒரு சுற்றாக, எட்டாவது சுற்று முடியும் வரை ஒருவர் இரண்டு தடவை ரீ-என்ட்ரி செய்யலாம். வசந்தமலர் போவது என்று முடிவெடுத்தார். தன் கொள்கைமேல் தனக்கே முழு நம்பிக்கை இல்லாததால், வங்கி அட்டையை வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, முந்நூறு டொலரைக் காசாக எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பஸ்ஸில் போனார். தோற்றால் அடுத்த பஸ்ஸில் வீடு.

பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மேசைக்கு ஒன்பது பேர். வசந்தமலர் தன் சிப்ஸை நிறம் பிரித்து அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே இரண்டு இருக்கை தள்ளிக் கேதீஸ்வரன் உட்கார்ந்திருந்தார்.

எட்டு வருடம். தலைமயிர் குறைந்திருந்தது, சிரிப்பு குறையவில்லை. ஆறு கிழமைக்கு முன் மெல்பேர்னிலிருந்து வந்து, ஹென்டர்சனில் ஒரு நண்பரின் வீட்டு அறையில் தங்கியிருக்கிறார் என்பது வசந்தமலருக்குத் தெரியும். கதைக்கவேண்டும் என்று வட்ஸ்அப்பில் பதினான்கு செய்தி அனுப்பியிருந்தார், வசந்தமலர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அம்மா இந்தப் போட்டிக்குப் போகிறார் என்று அப்பாவுக்குச் சொன்னது, வெலிங்டனில் வேலை செய்யும் மகள் கம்சாயினி. பெற்றோர் விஷயத்தில் பிள்ளைகளுக்கு எப்போதுமே கொஞ்சம் விஷமம் உண்டு.

"சுகமா இருக்கிறீரே, மலர்?" என்று கேட்டார் கேதீஸ்வரன்.

மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்று டீலர் நினைவூட்டினார். வசந்தமலர் அந்த விதியை முதன்முறையாக நேசித்தார்.

கேதீஸ்வரன் வாழ்ந்த மாதிரியே ஆடினார். எந்தக் கையையும் விட மனமில்லை. ஏதாவது நல்லது வரும் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் வசந்தமலருக்கு இரண்டு ஒன்பது வந்தது. மேசையில் விரித்த முதல் மூன்று சீட்டில் இன்னொரு ஒன்பதும் ஒரு ஏஸும் விழுந்தன. கேதீஸ்வரன் கையில் ஒரு ஏஸ் இருக்கிறது என்பது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. இருபத்தைந்து வருடம் படித்த முகம். வசந்தமலர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அவர் ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே ஈடு வைத்தார். கடைசியில் எல்லாச் சிப்ஸையும் நடுவில் தள்ளினார். மூன்று ஒன்பதைக் கண்டதும் எழுந்து, இயல்பாக, "சரி, வாறன்" என்றார்.

போவதற்கு யாழ்ப்பாணத்தில் சொல்லும் சொல் அதுதான், வசந்தமலருக்குத் தெரியும். ஆனாலும் இந்த மனிதரின் வாயிலிருந்து அது வரும்போது, போகிறாரா வருகிறாரா என்று அவருக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் சரிதான். கால் மணி நேரத்தில் இரண்டு மேசை தள்ளி அதே சிரிப்புக் கேட்டது. கேதீஸ்வரன் மறுபடி முந்நூறு டொலர் கட்டியிருந்தார்.

இடைவேளையில் வசந்தமலர், போட்டிக்கு வந்திருந்த விக்னேஸ்வரியைப் பார்த்தார். அவர் அதற்குள் தன்னுடைய முதல் ரீ-என்ட்ரியை முடித்து இரண்டாவதற்குச் சீட்டு இழுத்திருந்தார். உங்கள் பழைய வீட்டுக்காரரைக் கண்டதாகச் சொல்லி, பார்க்க ஆள் நல்லாத்தான் இருக்கிறார் என்றும் சொன்னார். வசந்தமலர் பைக்குள்ளிருந்து தோசைப் பொட்டலத்தை எடுத்து, விக்னேஸ்வரிக்குக் கொடுக்காமல் தானே சாப்பிட்டார்.

ஐந்தாவது சுற்றில் ஆட்கள் குறைந்ததால் மேசைகளைச் சேர்த்தார்கள். கேதீஸ்வரன் தன் சிப்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, வசந்தமலருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். இம்முறை இருபது நிமிடம் தாங்கினார். அவரிடம் ஏழும் எட்டும் இருந்தன, அவ்வளவுதான், ஏழும் எட்டும். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினார். வசந்தமலரிடம் இரண்டு குயீன். கேதீஸ்வரன் மறுபடி வெளியே. பக்கத்திலிருந்த சமோவ இளைஞன் ஒருவன், இந்த மனிதர் உங்களுக்கு ஏதாவது செய்தாரா என்று மெல்லிய குரலில் கேட்டான். நிறைய என்றார் வசந்தமலர்.

அவருக்கு முன்னால் இப்போது எழுபதாயிரம் சிப்ஸ் இருந்தது. ரீ-என்ட்ரியால் லாபம் கண்ணைத் திறந்து ஆடுகிறவளுக்குத்தான் என்று விக்னேஸ்வரி சொன்னது, கண் முன்னால் நிறம் நிறமாக அடுக்கியிருந்தது. ஒரே மனிதனை ஒரே நாளில் இரண்டு தடவை வெளியே அனுப்புவதில் இருக்கும் சுகத்தையும் அவர் மறுக்கமாட்டார். என்னிடம் சொல்லும்போதுகூட முகம் மலர்ந்துதான் இருந்தது. விவாகரத்தின்போது இந்தச் சுகம் கிடைக்கவில்லையாம். அது தபாலில் நடந்தது.

எட்டாவது சுற்று முடிய பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது மேசையில் ஓர் இடம் காலியானது. வேறு மேசையிலிருந்து ஆளை மாற்றி உட்காரவைத்தார்கள். கேதீஸ்வரன். மூன்றாவது உயிர். தள்ளிய தள்ளல் எல்லாம் அந்த மேசையில் பலித்து, அவரிடம் இப்போது எண்பதாயிரத்துக்கு மேல் இருந்தது.

நான்காவது கையில் வசந்தமலருக்கு இரண்டு ஏஸ் வந்தது. போக்கரில் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஏற்றினார். கேதீஸ்வரன் மேலே ஏற்றினார். வசந்தமலர் ஒருகணமும் யோசிக்காமல் முழுவதையும் தள்ளினார். கேதீஸ்வரன் அவரைப் பார்த்தார். உண்மையில் தன் கையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். பிறகு, சரி பார்ப்போம் என்று ஈடு வைத்துச் சீட்டைத் திருப்பினார். கிங், ஜாக். ஐந்தில் நான்கு தடவைக்கு மேல் ஏஸ்தான் வெல்லும். மேசையில் ஒரு கிங் விழுந்தது. பிறகு ஒரு நான்கு, ஒரு ஆறு. நான்காவதாக ஒரு பத்து. ஐந்தாவதாக ஜாக். கிங் சோடியும் ஜாக் சோடியும் சேர்ந்து ஏஸ் சோடியை வென்றன.

வசந்தமலர் எழுந்தார். காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் தான் வெளியே அனுப்பிய மனிதர், மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் எழுபது சொச்சம் ஆயிரம் சிப்ஸைக் கைகளால் அணைத்து இழுத்துக்கொண்டிருந்தார். கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. மன்னிக்கச் சொல்வதுபோல ஏதோ சொன்னார். வசந்தமலர் கேட்கவில்லை.

வெளியே மண்டபத்தில் விக்னேஸ்வரி இருந்தார். மூன்று உயிரும் முடிந்து, ஸ்டேக் பை என்ற சூடான இறைச்சிப் பணியாரம் ஒன்றைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது என்றார்.

தன்னிடம் அட்டை இல்லை என்று வசந்தமலர் சொன்னார். வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்ததையும் சொன்னார்.

"போன்ல இருக்குமே, அக்கா."

இருந்தது. கம்சாயினி கிறிஸ்மஸுக்கு வந்தபோது அதைப் போனில் ஏற்றிவிட்டிருந்தாள். காலையில் அட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டியபோது அது தெரியுமா தெரியாதா என்று நான் பிறகு கேட்டேன். பூட்டும்போது போனைக் கையில்தான் வைத்திருந்ததாகச் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அந்த ஏழு நிமிடத்தில் இரண்டு நிமிடம் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். திரும்பப் போவதால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். காலையில் ஒவ்வொரு கைக்கும் கட்டாயமாக வைக்கவேண்டிய தொகை நூறும் இருநூறும். இப்போது அது அறுநூறும் ஆயிரத்து இருநூறும். அதே இருபத்தையாயிரம் காலையில் ஒரு மூட்டை அரிசி, மூன்று மணிக்கு ஒரு சுண்டுப் பேணி. ஆறப்போட்டு ஆட முடியாது. ஒரு நல்ல கைக்குக் காத்திருந்து, வந்ததும் கண்ணை மூடித் தள்ளவேண்டியதுதான். அதாவது, கேதீஸ்வரன் மாதிரி ஆடவேண்டும். லீக்கில் எழுந்து நின்று பேசிய பேச்சும் நினைவுக்கு வந்தது. பப்பில் நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

"தப்பா ஆடினீங்களா?" என்று விக்னேஸ்வரி கேட்டார்.

"இல்லை."

"அப்புறம் என்னா? தப்பா ஆடுறவங்க மூணு தடவை வர்றாங்க. சரியா ஆடுனவங்க ஒரு தடவை வரக்கூடாதா?"

வசந்தமலர் கவுண்டருக்குப் போனார். நடந்து போகவில்லை, ஓடினார் என்று விக்னேஸ்வரி சொல்கிறார். வசந்தமலர் மறுக்கிறார். காசு கட்டும் எஃப்ட்போஸ் இயந்திரத்தில் அவர் போனை வைத்தபோது, கதவு மூட இருபது வினாடிதான் மிச்சம் இருந்தது.

திரும்ப உட்கார்ந்த மேசையில் ஒருவரையும் தெரியாது. அது நிம்மதியாக இருந்தது. பதினைந்து நிமிடம் ஒரு கையும் ஆடவில்லை. பிறகு ஏஸும் பத்தும் வந்தபோது எல்லாவற்றையும் தள்ளினார். காலையில் அதே கையை யோசிக்காமல் எறிந்துவிட்டு ஒதுங்கியிருப்பார். வென்றார். வந்த சிப்ஸை நிறம் பிரித்து அடுக்கினார். அரை மணி கழித்து மறுபடி தள்ளினார். மறுபடி வென்றார். ஒன்றுமில்லாதபோது கவலையும் குறைவு என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். எழுபதாயிரத்தை வைத்துக் காவல் காத்ததைவிட இருபத்தையாயிரத்தைத் தூக்கி எறிவது சுலபமாக இருந்தது. கேதீஸ்வரன் ஏன் இத்தனை வருடம் இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தார் என்பதும் கொஞ்சம் புரிந்தது. அது புரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆறு மணிக்கு முதல் நாள் ஆட்டம் நின்றபோது இருபத்தேழு பேர் மிச்சம். வசந்தமலரும் அதில் ஒருவர், கேதீஸ்வரனும் ஒருவர். மொத்தம் எழுபத்தொன்பது பேர் ஆடிய போட்டியில் நூற்றுப் பதினெட்டு நுழைவு என்று பலகையில் எழுதியிருந்தது. பரிசு பதினான்கு பேருக்கு.

ஞாயிற்றுக்கிழமை கேதீஸ்வரன் பதினாறாவதாக வெளியே போனார். இன்னும் இரண்டே பேர் தோற்றிருந்தால் பரிசு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எறிந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் மட்டும் ஒரு பொய்க் கைக்கு முழுவதையும் தள்ளினார். மூன்று நுழைவும் போயிற்று. வசந்தமலர் பதினோராவதாக முடித்தார். பரிசு அறுநூற்று நாற்பது டொலர். இரண்டு நுழைவுக்குக் கட்டியது அறுநூறு. இரண்டு நாள் முதுகு நோக உட்கார்ந்ததற்குக் கிடைத்த லாபம் நாற்பது டொலர். சான்ட்ரிங்ஹாமில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டு ஒரு ஃபலூடாவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ரீ-என்ட்ரி செய்யாமல் இதே இடம் வந்திருந்தால் முந்நூற்று நாற்பது மிஞ்சியிருக்கும், ஆனால் ரீ-என்ட்ரி செய்யாவிட்டால் இந்த இடமே வந்திருக்காது, பரிசும் அவ்வளவு இருந்திருக்காது. இந்தக் கணக்கை விக்னேஸ்வரி காரில் வைத்து மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் சொன்னது சரியாக வந்தது.

அதற்கு முன், வசந்தமலர் பரிசை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, கேதீஸ்வரன் வாசல் படியில் காத்திருந்தார். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. தோற்று மூன்று மணி நேரமாகியும் அவர் போகவில்லை. பக்கத்தில் இரண்டு கோப்பி இருந்தது. ஒன்று வசந்தமலருக்கு. அது ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டு ஒரு படி தள்ளி உட்கார்ந்தார்.

கேதீஸ்வரன் சுற்றி வளைக்கவில்லை. மெல்பேர்னில் தனியாக இருப்பதாகச் சொன்னார். இயந்திரத் தொழில் மூன்று வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, இப்போது ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை, நல்ல வேலை, அதையும் ஒக்லாந்துக்கு மாற்றலாம் என்றார். பிறகு, காலையிலிருந்து யோசித்து வைத்திருந்ததுபோலச் சொன்னார்:

"நீரும் நேற்றுத் திரும்பப் போய் இருந்தனீர்தானே, மலர். அப்ப, திரும்பி வாறது பிழையில்லை எண்டு உமக்கும் தெரியுது."

"ஓம். பிழையில்லை."

"அப்ப எனக்கும்…"

"அங்க ரெண்டு தரம்தான் விடுறாங்கள். நீங்கள் ரெண்டையும் முடிச்சிட்டீங்கள்."

கேதீஸ்வரன் சிரித்தார். பழக்கதோஷம். பிறகு சிரிப்பு நின்றது.  பழச்சாறு இயந்திரத்தையும் சேர்த்து எண்ணுகிறீரா என்று கேட்டார். அதையும் சேர்த்துத்தான் என்றார் வசந்தமலர்.

அவருக்குக் கோபம் இல்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்ததாம். வேடிக்கையாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்த முகத்தில் அன்று பொய் ஒன்றும் இல்லை, அதனால் அவரும் உண்மையைச் சொன்னார்.

"நீங்கள் போனது எனக்குப் பெரிசில்லை, கேதீஸ். ஒவ்வொருக்காப் போகேக்கையும் நான் ஒரு ஒழுங்குக்கு வருவன். சிட்னிக்குப் போகேக்கைதான் பஸ் லைசன்ஸ் எடுத்தனான். லண்டனுக்குப் போகேக்கை கட்டிலின்ர நடுவில படுக்கப் பழகினனான். நீங்கள் வருவீங்கள், நான் திரும்ப ஓரத்துக்குப் போவன். இனி ஏலாது."

 வசந்தமலர் ஆறிய கோப்பியைக் குடித்து முடித்தார். எட்டு வருடத்தில், நடுவில் சீட்டு இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு கேதீஸ்வரன், கிங்கும் ஜாக்கும் வைத்துக்கொண்டு ஈடு வைத்தது முட்டாள்தனம்தானே என்று கேட்டார். முட்டாள்தனம்தான் என்றார் வசந்தமலர். இரண்டு பேரும் சிரித்தார்கள். விக்னேஸ்வரி காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹோர்ன் அடித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீக்கில் வசந்தமலர் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லிவிட்டார். மறைத்திருக்கலாம், ஆனால் விக்னேஸ்வரி ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். வசந்தமலர் கொண்டுவந்த புதிய யோசனை, முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு ரீ-என்ட்ரி என்பது. நல்ல கையோடு அநியாயமாகத் தோற்றவருக்கு அது போதும், கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவருக்கு அது போதாது என்றார். நீங்கள்தானே போன வருடம் ஒன்றுமே கூடாது என்றீர்கள் என்று ஒருவர் கேட்டார். போன வருடம் தான் தோற்கவில்லை என்றார். யோசனை நிறைவேறியது. சங்கத் தலைவருக்கும் செய்தி போய், பதினோராவது இடத்துக்கு வாழ்த்துச் சொல்லி ஆள் அனுப்பினார். அறுநூற்று நாற்பதில் சங்கத்தின் கட்டட நிதிக்கு எவ்வளவு என்றும் அந்த ஆள் கேட்டார். வசந்தமலர் பிரியாணிக் கடையின் ரசீதைக் காட்டினார்.

கேதீஸ்வரன் ஜூலையில் மெல்பேர்னுக்குத் திரும்பிப் போய்விட்டார். போகும்போது விமான நிலையத்திலிருந்து ஒரு செய்தி அனுப்பினார். அதற்கு வசந்தமலர் பதில் போட்டார், சுகமாகப் போய்ச் சேருங்கள் என்று. இப்போது அவரும் அங்கே ஒரு பப்பில் புதன்கிழமைகளில் ஆடுகிறார். தன்னிடம் என்ன சீட்டு இருந்தது, மேசையில் என்ன விழுந்தது, தான் என்ன செய்தார் என்று நீளமாக எழுதி, செய்தது சரியா என்று கேட்டு அனுப்புகிறார். வசந்தமலர் டிப்போவில் தேத்தண்ணி இடைவேளையில் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கவனமாகப் படிக்கிறார். இதுவரை பதினேழு கை வந்திருக்கிறது. பதினாறுக்கு ஒரே பதில்தான் போட்டிருக்கிறார்: "எறிஞ்சிருக்கவேணும்." போன கிழமை வந்த பதினேழாவது கையில் மனிதர் உண்மையாகவே நன்றாக ஆடியிருந்தார். அதை எனக்கும் விக்னேஸ்வரிக்கும் காட்டினார். என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, இன்னும் போடவில்லை, புதன்கிழமை வரைக்கும் இருக்கட்டும் என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பஸ்ஸை எடுக்கப் போனார்.